அணுவின் இயக்கம்: சித்தன்னவாசலும் தமிழ்ச் சமய நூல்களும்

1. முன்னுரை

புதுக்கோட்டை நகருக்கு வடமேற்கே ஏறத்தாழ 16 கிலோமீட்டர் தொலைவில் அமைந்துள்ளது சித்தன்னவாசற் குன்று. அக்குன்றிலுள்ள ஏழடிப்பட்டம் என்னும் இயற்கைக் குகையில், துறவியர் கிடத்தற்கென இழைத்து வழவழப்பாக்கிய கற்படுக்கைகளும், கி.மு. காலத்ததாகக் கொள்ளப்படும் தமிழி எழுத்துக் கல்வெட்டும் காணப்படுகின்றன. மேற்குச் சரிவில் அறிவர் கோயில் என்னும் குடைவரை உள்ளது. பாண்டியன் அவனிபசேகரன் ஸ்ரீவல்லபன் காலத்தில், அதாவது கி.பி. 9ஆம் நூற்றாண்டில், மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் அதனைப் புதுக்கி முகமண்டபமும் எடுத்தான் என்று அங்குள்ள கல்வெட்டுக் கூறுகிறது. அதன் விதானத்தில் தீட்டப்பெற்ற தாமரைப் பொய்கை ஓவியம் கலையுலகம் நன்கறிந்தது.

இக்குன்றில் உறைந்தோர் சமண முனிவர் என்பது பெரும்பாலோர் கொள்கை. ஆசீவகர் என்பது பேராசிரியர் க. நெடுஞ்செழியன் வலியுறுத்திய கொள்கை. ஆசீவகத்தைத் தமிழர் அணுவியல் எனவே அவர் கண்டார். இவ்விரண்டனுள் எது பொருந்தும் என்னும் வழக்கை ஈண்டுத் தீர்க்கப் புகுந்திலோம். நிகண்டரும் ஆசீவகரும் ஆகிய இருசாராரும் உலகை அணுக்களின் தொகுதியாகக் கண்டவர் என்பதே இங்கு நமக்கு வேண்டுவது. ஆகவே அக்கற்படுக்கைகளில் கிடந்தோர் எவராயினும், 'கண்ணுக்குப் புலனாகாத நுண்பொருள் இயங்குகிறதா, நிலைத்துக் கிடக்கிறதா?' என்ற வினா அவர்க்கு அயலானதன்று.

அண்மைக் காலத்தில் ஆய்வேடுகளிலும் மேடைகளிலும் 'இன்றைய அணுவியல் முழுதும் நம் முன்னோர் அறிந்ததே' என்னும் கூற்று எளிதாக வழங்குகிறது. அதனை மறுப்போரோ நூல்களைத் திறந்து பாராமலே 'அவை வெறுங் கற்பனை' என ஒதுக்குகின்றனர். இருதிறத்தாரும் நூல்களுக்கு நீதி செய்தாரல்லர் என்பது எம் கருத்து. அணுவின் இயக்கம் என்னும் ஒரு பொருளை மட்டும் எடுத்துக்கொண்டு, தமிழ் நூல்கள் கூறுவது யாது, இன்றைய இயற்பியல் கூறுவது யாது, இரண்டும் எங்கே கூடி எங்கே பிரிகின்றன என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

2. மணிமேகலையில் ஆசீவகர் அணு

அணுக்கொள்கையைத் தமிழில் விரிவாக அறிதற்கு நமக்குள்ள பழைய சான்று மணிமேகலையின் 27ஆம் காதையாகிய 'சமயக்கணக்கர் தந்திறங் கேட்ட காதை'. வஞ்சி நகரில் மாதவ வடிவு கொண்டு நின்ற மணிமேகலை, அளவைவாதி முதலாகப் பூதவாதி ஈறாகப் பல சமயத்தாரை அணுகி அவரவர் கோட்பாட்டை வினவுகிறாள். அவருள் ஆசீவகவாதியின் விடை முற்றிலும் அணுவைப் பற்றியதாக அமைந்துள்ளது.

அவன் கூறுவனவற்றின் சாரம் வருமாறு. உயிரும் நால்வகை அணுக்களுமே உள்பொருள்கள். நிலவணு வன்மையுடையது, நீரணு தண்மையும் சுவையும் உடையதாய்க் கீழ்நோக்கிச் செல்வது, தீயணு சுடுவதாய் மேல்நோக்கி எழுவது, காற்றணு குறுக்கே அசைவது. இவ்வணுக்கள் தொடக்கமில்லாதன, புதிதாகத் தோன்றுவதும் சிதைந்தழிவதும் அவற்றுக்கு இல்லை. ஒன்று மற்றொன்றனுள் புகாது. நீரணு நிலவணுவாகத் திரியாது. ஓரணு இரண்டாகப் பிளவாது. அவல்போலத் தட்டையாகவும் ஆகாது. ஆயினும் அவை உலவும், தாழும், உயரும். கூடி மலையாகும், பின்னர்ப் பிரிந்து தத்தம் இயல்பை அடையும், செறிந்து வயிரமாகும், மூங்கில்போல உள்ளே துளைபடும், வித்தாய் முளைக்கும். பூதமாகக் கூடுங்கால் ஒன்று, முக்கால், அரை, கால் என்னும் அளவில் கூடும். மிக்கது எதுவோ அதனாற் பெயர் பெறும். தனியணுவைத் தெய்வக் கண்ணுடையார் காண்பர். ஏனையோர் திரளையே காண்பர். மாலை மங்கலில் ஒற்றை மயிர் புலனாகாது, மயிர்க்கற்றை புலனாவது போல என்பது அவன் காட்டும் உவமை.

இப்பகுதியில் இரண்டு கருத்துகளை நாம் பிரித்தறிதல் வேண்டும். அணுவின் தன்மை மாறாது என்பது ஒன்று. அணுவின் இடம் மாறும் என்பது மற்றொன்று. உலகில் நாம் காணும் மாற்றம் அனைத்தும் இடமாற்றத்தால், அதாவது கூடுதலாலும் பிரிதலாலும், விளைவதே என்பது இவற்றின் முடிபு. வயிரமும் மூங்கிலும் வித்தும் வேறு வேறாகத் தோன்றுதற்குக் காரணம் செறிவும் அமைப்பும் வேறாதலே என்று அந்நூல் உணர்த்துகிறது.

3. நிகண்டர் கூறும் இயக்கக் காரணம்

அதே காதையில் அடுத்துப் பேசும் நிகண்டவாதி இயக்கத்தை வேறொரு வகையால் அணுகுகிறான். அவன் எண்ணும் பொருள்களுள் தன்மாத்திகாயம், அதன்மாத்திகாயம் என்னும் இரண்டும் உள. இச்சொற்கள் அறவியலிற் கூறும் தருமத்தையும் அதருமத்தையும் குறிப்பனவல்ல. எங்கும் பரந்து நின்று பொருள்களை இயங்கச் செய்வது முன்னது. அவ்வாறே பரந்து நின்று பொருள்களை நிலைபெறச் செய்வது பின்னது. மீன் நீந்துதற்கு நீர் துணையாவது போலவும், வழிச்செல்வோன் தங்குதற்கு மரநிழல் துணையாவது போலவும் இவை துணையாகும் எனச் சமண நூலார் விளக்குவர்.

இக்கொள்கையின் நுட்பம் கருதத்தக்கது. இயங்குதற்கு மட்டுமன்றி நின்றதற்கும் காரணம் கூறவேண்டும் என்று நிகண்டர் எண்ணினர். அன்றியும், ஆசீவகர் கூறியதுபோல் நிலவணு, நீரணு என வகைப்பட்ட அணுக்களை அவர் கொள்ளவில்லை. அணுக்களெல்லாம் ஒரே புற்கலப் பொருளே. நிறமும் சுவையும் மணமும் ஊறும் அவற்றிடை மாறி வரும். ஒட்டுந் தன்மையும் வறட்சித் தன்மையும் காரணமாக அவை பிணைந்து கந்தம் என்னும் திரளாகும் என்பது தத்துவார்த்த சூத்திரம் முதலிய நூல்களாற் பெறப்படும்.

வைசேடிகரோ இயக்கத்தைக் கருமம் எனத் தனிப் பொருளாகவே எண்ணினர். படைப்பின் தொடக்கத்தில் அணுக்களின் முதலியக்கத்திற்கு அதிட்டம் என்னும் காணப்படா ஆற்றலைக் காரணமாக்கினர். எனவே இயக்கம் அணுவின் இயல்பா, புறத்தே நின்று துணைசெய்வது ஒன்றுண்டா, காணப்படா ஆற்றல் ஒன்று அதனைத் தூண்டுகிறதா என மூன்று விடைகள் அக்காலத்தே எழுந்திருந்தன என்பது தெளிவு.

4. அசைவிலா நிலைபேறு

இனி நீலகேசியை நோக்குவோம். 1936இல் அ. சக்கரவர்த்தி நயினார் பதிப்பித்து வெளியிட்ட இந்நூலின் ஆசீவகவாதச் சருக்கத்தில் பூரணன் என்னும் ஆசிரியனோடு நீலகேசி வாதிடுகிறாள். வாமன முனிவரின் சமயதிவாகர உரை, ஆசீவகர் கொள்கையை 'அவிசலித நித்தியத்துவம்' என்னும் தொடரால் சுட்டுகிறது. அசைவில்லாத நிலைபேறு என்பது அதன் பொருள். தோற்றமும் கேடும் மாற்றமும் நம் காட்சிக்குப் படுவனவேயன்றி உள்பொருளிடத்து இல்லை என்பது இக்கொள்கையின் உட்கிடை.

இது மணிமேகலை கூறுவதற்கு நேர்மாறாகத் தோன்றுகிறது. ஆங்கே அணுக்கள் உலவும், தாழும், உயரும். ஈங்கே அசைவே இல்லை. இம்முரணை எங்ஙனம் தீர்ப்பது? 1951இல் ஆசீவகர் வரலாற்றை ஆங்கிலத்தில் விரிவாக எழுதிய ஏ. எல். பாசம், பாலி நூல்கள் கூறும் பகுத கச்சாயனர் கொள்கையோடு இதனை இணைத்துக் கண்டார். ஏழு பொருள்களும் மலைமுடி போலவும் நாட்டிய தூண் போலவும் அசையாமல் நிற்பன. வாளால் ஒருவன் தலையை வெட்டினும் அவ்வாள் அவற்றின் இடைவெளியிற் புகுந்து செல்வதேயன்றி எவரும் எவரையும் கொல்வதில்லை என்பது அப்பழைய கொள்கை. இயங்கும் அணுவும் இயங்காப் பொருளும் ஆகிய இரு கருத்துகளும் ஒரு சமயத்துள்ளேயே நெடுங்காலம் நிலவியிருத்தல் கூடும் என்பது இதனாற் புலனாகும்.

யாம் மேலும் ஒன்று கருதுகின்றோம். அசைவின்மை என்பதனைத் தன்மைக்கண் அசைவின்மை எனக் கொள்ளின் முரண் பெரிதும் தளரும். நீரணு நீரணுவாகவே நிற்கும், எண்ணிற் குறையாது, மிகாது என்னும் அளவில் அது அசைவிலாதது. கூடியும் பிரிந்தும் இடம் பெயரும் அளவில் இயங்குவது. ஆயின் இதனை முடிந்த முடிபாகக் கூறத் துணிந்திலோம். ஆசீவகர் தாமே எழுதிய நூல் ஒன்றும் இன்று நமக்குக் கிடைத்திலது. மணிமேகலை பௌத்தர் நூல். நீலகேசி சமணர் நூல். இரண்டும் எதிர்வழக்காடுவோர் வாயிலாக வந்த சான்றுகள். எதிரியின் கொள்கையை மறுத்தற்கு எளிதாம் வண்ணம் கூர்மைப்படுத்திக் கூறுதல் வாதநூல்களின் இயல்பு. நீலகேசியின் மறுப்பும் அவ்வழியதே. மாற்றமும் முயற்சியும் பொய்யெனின் வீட்டுக்கு முயலும் அறமும் பயனிலதாகும் என்பதே அவள் வாதத்தின் உயிர்நிலை. ஆங்கு அணு பற்றிய வினா அறம் பற்றிய வினாவாக மாறிவிடுவதைக் காண்கிறோம்.

5. இன்றைய இயற்பியல் கண்ட இயக்கம்

1827இல் இராபர்ட்டு பிரௌன் என்னும் தாவர அறிஞர், பூந்தாதிலிருந்து வெளிப்பட்ட நுண்துகள்கள் நீரில் ஓயாது துடித்தலை நுண்ணோக்கியிற் கண்டார். உயிருள்ள பொருளின் செயலோ எனத் தொடக்கத்தில் ஐயுற்றவர், உயிரற்ற கற்பொடியும் அவ்வாறே துடித்தல் கண்டு அவ்வையம் நீங்கினார். காரணம் எழுபது ஆண்டுகளுக்கு மேலாகத் தெளிவுபெறாதிருந்தது. 1905இல் ஐன்சுடைன், நீரின் மூலக்கூறுகள் எல்லாப் பக்கங்களிலிருந்தும் ஒழுங்கின்றி மோதுவதால் அத்துகள் அலைக்கப்படுகிறது எனக் கணித்து, குறித்த நேரத்தில் அது எவ்வளவு தொலைவு பெயரும் என்பதற்கு வாய்பாடும் வகுத்தார். பெரின் என்னும் பிரெஞ்சு அறிஞர் 1908ஐ ஒட்டிய ஆண்டுகளில் அதனை அளந்து மெய்ப்பித்தார். 1926இல் அவர்க்கு நோபெல் பரிசு வழங்கப்பெற்றது. அணு உண்டு என்பதற்கு அதன் இயக்கமே சான்றாயிற்று என்பதை ஈண்டுக் குறித்தல் தகும். ஒற்றை மயிர் தெரியாவிடினும் கற்றை தெரியும் என்றார் முன்னோர். கற்றையின் நடுக்கத்தை அளந்து ஒற்றையின் அளவையே கணித்தனர் பின்னோர்.

மூலக்கூறு என்பது அணுக்கள் பிணைந்த சிறு தொகுதி. 18 கிராம் நீரில் 6 என்னும் எண்ணை அடுத்து 23 சுழிகள் இட்டால் வரும் தொகையை ஒட்டிய மூலக்கூறுகள் உள்ளன. அறையிலுள்ள காற்றின் நைட்ரசன் மூலக்கூறு வினாடிக்கு ஏறத்தாழ 500 மீட்டர் விரைவிற் செல்கிறது. ஆயினும் ஒரு வினாடிக்குள் பல நூறு கோடி முறை பிற மூலக்கூறுகளோடு மோதித் திசை மாறுவதால், காற்றோட்டம் இல்லாதவிடத்து ஓர் இடத்தினின்று மற்றோர் இடத்திற்கு அது பரவுதல் மிக மெதுவாகவே நிகழ்கிறது. நீர்மத்தில் மூலக்கூறுகள் நெருங்கி நின்று ஒன்றையொன்று தள்ளிப் பெயர்கின்றன. திண்பொருளில் ஒவ்வோர் அணுவும் தனக்குரிய இடத்தைச் சூழ்ந்து வினாடிக்குப் பல இலட்சம் கோடி முறை அதிர்கிறது. அரிதாக இடம் பெயர்தலும் உண்டு. திண்ணிய ஈயத்தினுள் பொன் மெல்ல ஊடுருவிச் செல்லுதலை 1896இல் இராபர்ட்சு ஆசுடின் அளந்து காட்டினார்.

வெப்பம் என நாம் உணர்வது இவ்வியக்கத்தின் அளவையே. சூடேறின் இயக்கம் மிகும், தணியின் குறையும். ஆயின் எவ்வளவு தணிப்பினும் அது முற்றும் ஓயாது என்பது குவாண்டம் இயற்பியலின் முடிபு. ஈலியம் இயல்பான காற்றழுத்தத்தில் எத்துணைக் குளிர்விக்கப்படினும் உறையாது நீர்மமாகவே நிற்றல் இதற்குச் சான்று.

மூலக்கூறுகளின் அதிர்வை ஒளியால் அறியும் வழியைக் கண்டவர் நம் நாட்டவரே. சித்தன்னவாசலுக்கு வடக்கே, திருச்சிராப்பள்ளியை அடுத்த திருவானைக்காவலில் 1888இல் பிறந்தவர் சி. வி. இராமன். 1928 பிப்ரவரி 28இல் கல்கத்தாவில் அவர் கே. எஸ். கிருட்டிணனோடு கண்ட விளைவு, பொருளின்மேல் பட்டுச் சிதறும் ஒளியில் ஒரு சிறு பகுதி நிறம் மாறுகிறது என்பதாகும். ஒளி மூலக்கூறின் அதிர்வுக்கு ஆற்றலைக் கொடுத்தோ அதனிடமிருந்து பெற்றோ மாறுவதால், அம்மாற்றத்தின் அளவு மூலக்கூறு எவ்வாறு அதிர்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறது. பழைய ஓவியங்களின் வண்ணப்பொருளைச் சிதைக்காமல் இன்னதென அறிதற்கும் இன்று அம்முறை உலகெங்கும் பயன்படுகிறது.

6. அறிவர் கோயிற் சுவர்

இக்கருத்துகளை அறிவர் கோயில் விதானத்தைக் கொண்டே விளக்கலாம். 1930களில் சென்னை அருங்காட்சியகத்து வேதியியலறிஞர் எஸ். பரமசிவன் அவ்வோவியங்களின் தொழில்நுட்பத்தை ஆராய்ந்தார். பாறையின்மேல் சுண்ணாம்புப் பூச்சு இட்டு, அதன்மேற் பெரும்பாலும் கனிம வண்ணங்களாலே தீட்டியுள்ளனர் என்பது அறியப்பட்டுள்ளது.

சுண்ணாம்புப் பூச்சு 'காய்ந்தது' என்று நாம் எளிதாகச் சொல்கிறோம். அச்சொல்லுள் அடங்கியவை இரு இயக்கங்கள். பூச்சிலுள்ள நீரின் மூலக்கூறுகளுள் விரைவு மிக்கவை மேற்பரப்பை விட்டுக் காற்றிற் கலந்து நீங்குகின்றன. இது வெளிச்செல்லும் இயக்கம். காற்றிலுள்ள கரியமிலவாயுவின் மூலக்கூறுகள் பூச்சின் நுண்துளைகளினுள் புகுந்து, எஞ்சிய ஈரத்திற் கரைந்து, நீற்றிய சுண்ணாம்போடு கூடுகின்றன. இது உட்செல்லும் இயக்கம். அக்கூட்டத்தால் விளைவது சுண்ணாம்புக்கல்லின் பொருளே. சூளையிற் சுட்டபோது கல்லை விட்டு நீங்கிய வாயுவுக்கு ஈடாக, அதே வகை வாயு காற்றினின்றும் வந்து சேர, தூளாக இருந்தது மீண்டும் கல்லாகிறது. அங்ஙனம் விளைந்த நுண்படிகங்கள் பூச்சை இறுகப் பிணித்து வண்ணத்துக்கு உறுதியான நிலைக்களம் ஆயின.

ஓவியத்தை நிலைநிறுத்தியது இயக்கமே. அதனைச் சிதைப்பதும் இயக்கமே. ஈரம் பூச்சினுள் ஊறிச் சென்று உப்பைக் கரைத்துக் கொணர்ந்து மேற்பரப்பிற் படிய விடுமாயின் பூச்சு உதிரும். பொய்கையின் தாமரைகள் அசைவற்றுத் தோன்றுகின்றன. அவற்றைத் தாங்கும் பூச்சின் அணுக்களோ, அதன் பின்னுள்ள கருங்கற் பாறையின் அணுக்களோ ஒரு நொடியும் ஓய்ந்தில. இடத்தால் நிலைத்தும் அதிர்வால் இயங்கியும் நிற்றலே திண்பொருளின் இயல்பு.

7. ஒப்புமையின் எல்லை

அணு புதிதாகத் தோன்றாது, அழியாது, தன்மை மாறாது, கூடியும் பிரிந்துமே பொருள்களை ஆக்கும் என்னும் ஆசீவகர் கருத்து, வேதிவினைகளைப் பொறுத்தவரை இன்றைய கொள்கையோடு பெரிதும் ஒத்துச் செல்கிறது. குறித்த அளவுகளிலேயே கூடும் என்பதும் கருதத்தக்கது. எனினும் வேற்றுமைகள் அடிப்படையானவை.

முதலாவது, ஆசீவகர் அணுவின் இயக்கத்திற்குத் திசை உண்டு. நீர் தாழும், தீ எழும், காற்றுக் குறுக்கே செல்லும். கண்ணாற் கண்ட பெரும்பொருளின் போக்கை அணுவின்மேல் ஏற்றிக் கூறியதே இது. இன்றைய மூலக்கூறுக்குத் தனக்கென ஒரு திசை இல்லை. எத்திசையிலும் ஒப்பச் செல்லும். இரண்டாவது, தீ என்பது தனியணு அன்று. அணுக்களின் கூட்டு மாறும்போது வெளிப்படும் வெப்பமும் ஒளியுமே அது. பழையோர் வெப்பத்தை ஓர் அணுவாக்கினர். இன்றையோர் அதனை எல்லா அணுக்களின் இயக்கமாகக் கண்டனர். மூன்றாவது, இயங்கும் பொருள் தொடர்ந்து இயங்குதற்குத் தன்மாத்திகாயம் போன்ற துணை வேண்டும் எனும் கொள்கை இன்றைய இயற்பியலுக்கு உடன்பாடன்று. நான்காவது, அணு பிளவாது என்பது இன்று நிலைபெறாது. 1897இல் மின்னணுவும் 1911இல் அணுக்கருவும் அறியப்பட்டன.

அளவு பற்றியும் ஒன்று கூறல் வேண்டும். கணக்கதிகாரத்தை ஒட்டிய வழக்கில், அணு எட்டுக் கொண்டது தேர்த்துகள், அது எட்டுக் கொண்டது பஞ்சிழை, பின்னர் மயிர்முனை, நுண்மணல், வெண்சிறுகடுகு, எள், நெல், விரல் என எட்டெட்டாகப் பெருகும் வாய்பாடு உண்டு. இதன்படி ஒரு விரலில் 1,67,77,216 அணுக்கள் அடங்கும். விரலை 2 சென்டிமீட்டர் எனக் கொள்ளின் அணு ஒன்று, மீட்டரை நூறு கோடிக் கூறிட்ட ஒரு கூற்றைச் சற்றே விஞ்சும். நீர் மூலக்கூற்றின் அளவு அதனினும் நான்கில் ஒரு பங்கே. 'எவ்வளவு நெருங்கிவிட்டனர்!' என வியப்பார் உளர். எட்டாற் பெருக்கும் மரபினின்று வந்த எண் அது. அளந்து கண்டதாக நூல் எங்கும் கூறவில்லை. படி ஒன்று மிக்கிருப்பின் அணு எட்டில் ஒரு பங்காகச் சுருங்கியிருக்கும். கதிரொளியில் ஆடும் துகளையும் இவ்வாறே கொள்க. அத்துகள் மூலக்கூற்றினும் மிகப் பெரிது. அதன் ஆட்டம் பெரும்பாலும் காற்றோட்டத்தால் ஆவதேயன்றிப் பிரௌன் கண்ட துடிப்பன்று.

சொல்லும் நம்மை மயக்கும். சைவ சித்தாந்தத்தில் அணு என்பது ஆணவ மலத்தால் சிறுமையுற்ற ஆன்மாவைக் குறிக்கும். ஆசீவகத்தில் அது பூதநுண்பொருள். சமணத்தில் புற்கலத்தின் கடையெல்லை. இன்றைய பாடநூலில் தனிமத்தின் சிறுகூறு. ஒரே சொல் நான்கு பொருளில் வழங்குங்கால், சொல்லொப்புமை ஒன்றே கொண்டு பொருளொப்புமை நாட்டல் ஆராய்ச்சியாகாது.

8. முடிவுரை

மேற்கூறியவற்றால் பெறப்படுவன சில. அணு இயங்குவதா என்ற வினாவைத் தமிழ்ச் சமய நூல்கள் தெளிவாக எழுப்பின. ஒன்றுக்கு மேற்பட்ட விடைகளை வாதிட்டு ஆராய்ந்தன. நிலைத்தலுக்கும் இயங்குதலுக்கும் உள்ள உறவைச் சிந்தித்தன. அளந்து காணும் கருவியும் முறையும் அவர்பால் இல்லை. ஆதலின் எவ்விடை மெய்யென்று முடிவுகட்ட அவரால் இயலவில்லை. அறிவியல் வாய்த்த பின்னரே அது கூடிற்று. வினாவின் பெருமை பழையோர்க்கு உரியது. விடையின் பெருமை பிரௌன் முதல் இராமன் வரையிலான பலர்க்கு உரியது. ஒருவர் உடைமையை மற்றொருவர்க்கு ஆக்குதல் இருவர்க்கும் பெருமை ஆகாது.

இத்துறையிற் புகும் ஆய்வு மாணவர் நான்கு வினாக்களை முன்னிறுத்திச் செல்வாராக: கருத்து எந்நூலில் உள்ளது? யார் வாயிலாகக் கூறப்படுகிறது? இயக்கத்திற்குக் காட்டப்படும் காரணம் யாது? அக்காரணம் அளவையால் சோதிக்கப்பட்டதா? இவற்றுக்கு விடை கண்ட பின்னர் ஒப்பிடுதல் முறை. சித்தன்னவாசற் கற்படுக்கைகளின்மேல் கிடந்தோர் பூண்ட சமயம் எதுவென இன்னும் வழக்கு நிகழ்கிறது. அவர் எவராயினும், தாம் கிடந்த கல்லின் உள்ளே என்ன நிகழ்கிறது என்று வினவும் மரபினர் என்பதில் ஐயமில்லை. அம்மரபைப் போற்றும் வழி, அவர் சொல்லாததை அவர்மேல் ஏற்றாமல், அவர் சொன்னதைச் செவ்வனே படித்தலாகும்.